கடைசி வரியில் தொடங்குங்கள்: பல படி எண் புதிர்களைப் போடுவது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊர்ப் பக்கம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கூட்டல், பெருக்கலில் தடுமாறாத பிள்ளையும் நாலு வரிப் புதிரைக் கண்டால் பேனாவைக் கடிக்க ஆரம்பித்துவிடும். கணக்கு தெரியாமல் இல்லை. எதில் பாதி, எதில் மூன்றில் ஒரு பங்கு என்று பார்க்காமல் கண்ணில் பட்ட எண்களை எல்லாம் கூட்டிக் கழிக்கப் போவதால் வரும் வினை.

ஒரு புதிரைப் பார்ப்போம். பஸ் ஸ்டாண்டில் பனங்கிழங்கு விற்கும் அக்கா காலையில் சில கட்டுகள் கொண்டுவந்தார். முதல் பஸ்ஸில் பாதியும், அதற்கு மேல் 2 கட்டும் விற்றார். அடுத்த பஸ்ஸில், மிச்சம் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு போனது. அப்புறம் தங்கச்சி வீட்டுக்கு என்று 5 கட்டை எடுத்து வைத்தார். கூடையில் இப்போது 7 கட்டு. கொண்டுவந்தது எத்தனை?

உடனே கணக்குப் போடாதீர்கள். நடந்ததை நடந்த வரிசையில், ஒரு வரிக்கு ஒரு வேலையாக, நோட்டில் மேலிருந்து கீழே எழுதுங்கள்: பாதி போனது, 2 போனது, மிச்சத்தில் மூன்றில் ஒன்று போனது, 5 போனது, 7 இருக்கிறது. ‘பாதியும் அதற்கு மேல் 2ம்’ என்பது இரண்டு வேலை. அதை ஒரே வரியில் அடைக்கிற பிள்ளை அங்கேயே சறுக்கும்.

இனி கீழிருந்து மேலே ஏறுங்கள். கழித்ததைக் கூட்டு, கூட்டியதைக் கழி, பெருக்கியதை வகு, வகுத்ததைப் பெருக்கு. இது ஒன்றும் புது உத்தி இல்லை, 499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் எழுதி வைத்த விதிதான். 7உடன் 5 சேர்த்தால் 12. அடுத்த படியில்தான் கண்டம்.

வகுப்பில் பலர் 12ஐ 3ஆல் பெருக்கி 36 என்பார்கள். சிலர் 12இல் மூன்றில் ஒரு பங்கான 4ஐச் சேர்த்து 16 என்பார்கள் (இந்தத் தப்பு எனக்குப் பிடிக்கும், யோசித்துச் செய்த தப்பு). விற்றது மூன்றில் ஒன்று என்றால் கூடையில் கிடப்பது மூன்றில் இரண்டு. ஒரு நீளமான பெட்டி வரைந்து, மூன்றாகப் பிரித்து, ஒன்றை அடித்துவிடுங்கள். அடிக்காத இரண்டு பெட்டியில்தான் அந்த 12 கட்டும் இருக்கிறது, ஆக ஒரு பெட்டிக்கு 6, மூன்று பெட்டிக்கு 18. அதற்கு மேலே ஏறுவது சுலபம்: 18உடன் 2 சேர்த்தால் 20, அது பாதி, முழுசு 40. முதலில் இரட்டித்துவிட்டுப் பிறகு 2ஐச் சேர்த்தவருக்கு 38 வரும், வரிசை மாறியதற்கான கூலி அது.

விடை வந்ததும் நோட்டை மூடாமல் 40ஐ மேலிருந்து கீழே விட்டுப் பாருங்கள். 20, 18, 12, 7. சரி.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. 7 + 5 = 12 ÷ 2 = 6 × 3 = 18 என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போகாதீர்கள். 7உம் 5உம் சேர்ந்தால் 18 ஆகாது அல்லவா? ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி கொடுங்கள், தாளுக்கா பஞ்சம்?

வரிசை ஏன் முக்கியம் என்பது கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரியும். மீன் விற்ற பணத்தில் 1,800 ரூபாய் டீசலுக்குக் கழித்து, மீதியில் பாதியைப் படகுக்காரர் எடுத்து, மற்ற பாதியை 4 பேர் பிரித்ததில் ஆளுக்கு 650 என்று வையுங்கள் (பங்கு முறை ஊருக்கு ஊர் மாறும், இது கணக்குக்காகச் சொல்வது). 650ஐ நாலால் பெருக்கினால் 2,600, இரட்டித்தால் 5,200, டீசலைச் சேர்த்தால் 7,000. டீசலைக் கடைசியில் கழித்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், பின் பெஞ்சிலிருந்து பதில் வரும்.

எல்லாப் புதிருக்கும் இந்த வழி ஓடாது. ‘ஒரு எண்ணின் 3 மடங்குடன் 4ஐக் கூட்டினால், அதே எண்ணின் 5 மடங்கிலிருந்து 10ஐக் கழித்த விடை வருகிறது’ என்பதில் தெரியாத எண் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, பின்னால் நடக்கப் பாதை இல்லை. அங்கே எக்ஸ் போட்டுவிடுங்கள். 3 எக்ஸ் கூட்டல் 4, 5 எக்ஸ் கழித்தல் 10க்குச் சமம். அப்படியானால் 2 எக்ஸ் 14, எண் 7.

நாள் கணக்கு வந்தால் இன்னொரு பள்ளம் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எத்தனை நாள் என்று கேட்டால், 30இல் 15 போக 15, மே 31, ஜூன் 14, மொத்தம் 60 என்று வரும். அப்பா கடலுக்குப் போகிற பிள்ளை ‘இல்ல சார், 61’ என்று கத்தும். தொடங்கும் நாளான 15ஆம் தேதியையும் எண்ண வேண்டும், ஏப்ரலில் 16 நாள்.

கை பழகியதும் பிள்ளைகளையே புதிர் எழுதச் சொல்லுங்கள். விடையை முதலில் தீர்மானித்துக்கொண்டு முன்னால் நடந்தால் புதிர் தயார். ஒரு பையன் 15 நுங்கில் பாதி விற்றதாக எழுதிவந்தான். ‘அந்த அரை நுங்கு யாருக்குடா?’ என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். அடித்துவிட்டு 16 என்று போட்டான்.