மைக் இல்லாத ஒரு சாயங்காலம்: வீட்டு ஹாலில் சேம்பர் மியூசிக் வைப்பது எப்படி

கோயமுத்தூர் பீளமேட்டுப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில், காற்றின் ஈரப்பதத்தைச் சரியாக வைத்திருக்கிற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மார்கழியில் எங்கள் வீட்டு ஹாலில் ஷூமன், மெண்டல்சன், த்வோர்ஷாக் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மேற்கத்திய இசைமேதைகள் சில பேருக்காக மட்டும் எழுதியதை, அதாவது சேம்பர் மியூசிக்கை, வாசிக்க வைக்கிறேன். பியானோ, வயலின், வயலினின் பெரியண்ணன் மாதிரி தரையில் ஊன்றி வாசிக்கிற செல்லோ, மூன்றே பேர். கேட்க வருகிறவர்கள் நாற்பது பேருக்குள். “எங்க ஊட்லயும் இப்படி வெக்கலாமுங்களா?” என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால் எழுத்தில் போட்டுவிடுகிறேன்.

முதல் வேலை, மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் இருப்பது. நம் பக்கம் சீர், காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் மண்டபத்துக்கு அடுத்து புக் ஆவது மைக் செட்தான். “ஏனுங்க, பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்குமுங்களா?” என்று சம்பந்தி வீட்டார் வரை கேட்பார்கள். கேட்கும். இந்த இசை வீட்டு அறைக்காகவே எழுதப்பட்டது. 1887இல் பிராக் நகரத்தில் த்வோர்ஷாக் குடியிருந்த அதே வீட்டில் தங்கியிருந்த கெமிஸ்ட்ரி மாணவர் ஒருவர் வயலின் கற்றுக்கொண்டிருந்தார். அவரும் அவருடைய வாத்தியாரும் வாசிப்பது காதில் விழ, தானும் வியோலாவோடு (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது) சேர்ந்துகொள்ளலாம் என்று மூன்று பேருக்கு ஒன்றை எழுதினார் த்வோர்ஷாக். அது மாணவருக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. சரி என்று எளிதாக இன்னொன்று எழுதிக் கொடுத்தார். அதையே பிறகு வயலினுக்கும் பியானோவுக்குமாக மாற்றினார். அதுதான் ‘ரொமான்டிக் பீசஸ்’, ஓப்பஸ் 75 (ஓப்பஸ் என்பது படைப்பு எண்). ஷூபர்ட் ஐந்து பேருக்கு எழுதிய ‘ட்ரவுட்’ குவின்டெட்டும் அப்படித்தான்: 1819இல் ஸ்டயர் என்ற ஊரில் செல்லோ வாசிக்கிற ஆசை கொண்ட ஒரு வசதிக்காரர் கேட்டுக்கொண்டதால் பிறந்தது. இந்த மாதிரி இசையை ஸ்பீக்கரில் போட்டால் எல்லாக் கருவியும் ஒரே பெட்டியிலிருந்து வரும். யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்பதே தெரியாமல் போய்விடும். அது தெரியாவிட்டால் இந்த இசையில் பாதி போச்சு.

அடுத்து ஹாலைப் பாருங்கள். இப்போது கட்டுகிற வீடுகளில் தரை கிரானைட், சுவர் புட்டி, ஜன்னல் கண்ணாடி. நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டுங்கள். ‘டிங்ங்’ என்று சத்தம் இழுத்தால் பியானோ குழம்பிவிடும். பவானி ஜமுக்காளம் நாலைந்து விரியுங்கள், கனமான திரை போடுங்கள், புத்தக அலமாரி இருந்தால் கதவைத் திறந்து விடுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு எதிரொலி இன்னும் அடங்கும் என்பதால் காலி ஹாலில் கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது நல்லதே. பழைய தொட்டிக்கட்டு வீடு இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆசாரத்தில், அதாவது கூடத்தில், மரத்தூணும் ஓட்டுக் கூரையும் இருந்தால் செல்லோ எப்படி ஒலிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி என் தொழில். ஈரப்பதம். மன்னிக்கணும், இங்கே கொஞ்சம் நீட்டுவேன்.

மில்லில் ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டில் 55, 60 சதவீதம் வைத்திருப்போம். அதற்குக் கீழே போனால் நூல் அறும். வயலினும் செல்லோவும் மெல்லிய பலகையை வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய பெட்டிகள். பியானோவுக்குள் இருப்பதும் ஒரு பெரிய பலகைதான். மரம் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மாசி, பங்குனியில் நம் ஊர்க் காற்று காயும்போது வயலின் முறுக்காணி வழுக்கும், தந்தி தானாக இறங்கும், சில சமயம் ஒட்டு விட்டுவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும்போது அதே ஆணி திருக வராது, பியானோவில் சில கட்டைகள் அமுக்கினால் எழும்பி வர மறுக்கும். நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து சதவீதத்துக்குள் நிலையாக நிறுத்தினால் எல்லோருக்கும் நிம்மதி. கவனியுங்கள், ‘நிலையாக’ என்பதுதான் முக்கியம்.

அளப்பதற்கு டிஜிட்டல் மீட்டர் சல்லிசாகக் கிடைக்கிறது. எனக்கு இன்னும் வெட் பல்பு, ட்ரை பல்பு தெர்மாமீட்டர்தான். ஒன்றின் அடிக்குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றது வெறுமனே. ட்ரை 28 டிகிரி, வெட் 21 காட்டினால் ஈரப்பதம் ஏறக்குறைய 54 சதவீதம். அன்றைக்கு நான் எதையும் தொட மாட்டேன். இடைவெளி ஒன்பது, பத்து டிகிரி என்று விரிந்தால் காற்று காய்ந்துவிட்டது; பியானோவுக்கு எட்டத்தில் நாலு ஈரத்துண்டைக் கொடியில் போட்டுவிடுவேன். ஏசி போடுவதாக இருந்தால் ஆட்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு “புழுக்கமா இருக்குது” என்று யாரோ ரிமோட்டை எடுத்துக் குறைத்தால், மூன்றாவது நிமிஷம் வயலின்காரர் முகம் மாறும். ரிமோட்டை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

பியானோ. எங்கள் வீட்டில் இருப்பது ஊட்டியில் ஒரு பழைய பங்களாவிலிருந்து இறங்கி வந்த அப்ரைட், அதாவது பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கிற பியானோ. மலையிலிருந்து வந்தாலும் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தாலும் இரண்டு மூன்று வாரம் அறைக் காற்றுக்குப் பழக விட்டுவிட்டுத்தான் ட்யூன் செய்ய வேண்டும். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் இன்னொரு தடவை. ரொம்பக் காலம் கவனிக்காமல் கிடந்த பியானோ என்றால் சுருதி மொத்தமாக இறங்கியிருக்கும். அதை ஒரே மூச்சில் 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் நிற்காது, திரும்ப இறங்கும். தவணை தவணையாக ஏற்ற வேண்டும். இறங்கிய பியானோவோடு ஒப்பேற்றுவதென்றால் வயலின், செல்லோ தந்தியைத் தளர்த்திச் சமாளிப்பார்கள். கிளாரினெட்காரரால் அவ்வளவு இறங்க முடியாது. யாரைக் கூப்பிட்டாலும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்ரைட்டைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மேல் மூடியைத் திறந்து, வாசிக்கிறவர் பக்கம் திரும்பினால் மற்ற இருவரும் கண்ணில் படுகிற மாதிரி கோணலாகப் போடுங்கள். இவர்கள் தாளத்தைக் கண்ணாலும் மூச்சாலும்தான் பிடிக்கிறார்கள். நடத்துகிறவர் என்று யாரும் கிடையாது.

டிஜிட்டல் பியானோ போதுமா என்றால், எண்பத்தெட்டுக் கட்டையும் அசல் பியானோ மாதிரி விரலுக்குக் கனமாக இருந்தால் ஒத்திகைக்குப் போதும். நிகழ்ச்சிக்கு எனக்குச் சம்மதமில்லை.

நாற்காலி சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் செல்லோ வாசிக்க முடியாது, வில் இடிக்கும். டைனிங் டேபிள் நாற்காலி, கை இல்லாதது, உட்காருமிடம் தட்டையாக இருப்பது. செல்லோவின் அடியில் ஊசி மாதிரி ஒரு கம்பி இருக்கும். மரத்தரையில் அது குத்தி நிற்கும். நம் டைல்ஸில் வழுக்கி, செல்லோ கொஞ்சம் கொஞ்சமாக ஆளை விட்டு ஓடும். நான் மில் பழக்கத்தில் பழைய ஸ்பிண்டில் டேப் (கதிரைச் சுழற்றுகிற நாடா) ஒன்றை எடுத்து, இரண்டு முனையையும் நாற்காலியின் முன்கால் இரண்டிலும் கட்டி, நடுவில் ஒரு தோல் துண்டைத் தைத்து ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். கம்பி அந்த ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும். நீளத்தை ஆளுக்குத் தக்கபடி முடிச்சில் கூட்டிக் குறைக்கலாம். சென்னையிலிருந்து வந்த செல்லோக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மேலே ஓடுகிற ஃபேன் நோட்ஸ் தாளைப் பறக்கடிக்கும். துணி காயப்போடுகிற கிளிப் ஆளுக்கு நாலு. பியானோவுக்குப் பக்கம் திருப்ப ஒரு ஆள் வேண்டும், நோட்ஸ் படிக்கத் தெரிந்தவராக, இடது பக்கம் உட்கார்ந்து, கை குறுக்கே வராமல் மேல் மூலையைப் பிடித்துத் திருப்புகிறவராக. மேற்கத்திய இசையில் கிரேடு பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் கோயமுத்தூரில் நிறைய. அவர்களில் ஒருவரைப் பிடித்தால் அந்தப் பிள்ளைக்கும் அது பெரிய பாடம்.

நிரலை யார் முடிவு செய்வது என்று கேட்டால், பியானோ வாசிக்கிறவர். சந்தேகமே வேண்டாம். மெண்டல்சன் காலத்து ட்ரியோக்களில், அதாவது மூவர் சேர்ந்து வாசிக்கிறவற்றில், பாரம் முழுக்க அவர் தலையில்தான். மெண்டல்சன் தன் டி மைனர் ட்ரியோவை 1839இல் எழுதியபோது, பியானோ பகுதி பழைய பாணியில் இருக்கிறதென்று நண்பர் ஃபெர்டினாண்ட் ஹில்லர் சொல்ல, அதை மறுபடி உட்கார்ந்து எழுதி ஜொலிக்க வைத்தார். அந்த ஜொலிப்புக்கு இன்றைக்கும் விலை கொடுப்பது பியானோக்காரரின் விரல்தான். எங்கள் வீட்டில் வாசிக்கிற என் அண்ணன் மகள், “பெரியவனே இருக்கறப்ப இன்னொரு பெரியவனைக் கூப்பிடாதீங்க சித்தப்பா” என்று நிரலிலிருந்து ஃப்ராங்க் எழுதிய வயலின்-பியானோ சொனாட்டாவை அடித்துவிட்டாள்; அதுவும் பியானோவுக்குப் பெரிய பாரம். நியாயம்தான்.

முதல் தடவை வைக்கிறவர்களுக்கு நான் சொல்கிற வரிசை இது. ஷூமனின் ‘ஃபேன்டசி பீசஸ்’, ஓப்பஸ் 73, செல்லோவும் பியானோவும், பதினோரு நிமிஷம். 1849 பிப்ரவரியில் கிளாரினெட்டுக்கு எழுதியது. செல்லோவிலும் வாசிக்கலாம் என்று அவரே அனுமதித்திருக்கிறார். மூன்று துண்டு, ஒன்றைவிட ஒன்று வேகம். அடுத்தது மேலே சொன்ன த்வோர்ஷாக், வயலினும் பியானோவும், கால் மணி நேரத்துக்குள். இடைவேளை. பிறகு மூவரும் சேர்ந்து மெண்டல்சன், அரை மணி நேரம். இப்படி வைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. செல்லோவின் குரல் எது, வயலினின் குரல் எது என்று தனித்தனியாகக் காது பழகிவிடுகிறது. மெண்டல்சன் தொடங்கும்போது, அடியில் பியானோ படபடவென்று அலைய, மேலே செல்லோ தனியாகப் பாட ஆரம்பிக்கும். வயலின் பிறகுதான் வந்து சேரும். இடைவேளைக்கு முன்னாலேயே செல்லோவோடு பரிச்சயமான ஜனங்களுக்கு அந்த இடத்தில் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

சாய்கோவ்ஸ்கியின் ஏ மைனர் ட்ரியோவை ஆசைப்பட்டு முதல் வருஷமே வைக்காதீர்கள். நண்பரான பியானோ கலைஞர் நிகோலாய் ரூபின்ஸ்டைன் இறந்த துக்கத்தில் எழுதியது, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். மருதமலை அடிவாரத்திலிருந்து வந்த பெரியவர்கள் கடைசி பஸ்ஸை நினைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வருகிறவர்களுக்கு முன்கூட்டியே என்ன அனுப்பலாம்? வாட்ஸ்அப்பில் முழு ட்ரியோவை அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். மெண்டல்சனின் மூன்றாம் பாகம், ஸ்கெர்ட்சோ என்கிற துள்ளலான வேகப் பகுதி, மூன்றரை நிமிஷம் சொச்சம். அதை மட்டும் அனுப்புங்கள். கோர்த்தோ (பியானோ), திபோ (வயலின்), கசால்ஸ் (செல்லோ) மூவரும் 1927இல் வாசித்த பதிவு இரைச்சலோடு இருந்தாலும் ஆள் ஆளாகப் பிரிந்து கேட்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடானால், 1969இல் லண்டனில் பேரன்பாய்ம், பெர்ல்மன், சுகர்மன், ஜாக்குலின் டு ப்ரே ஆகியோரோடு நம் பம்பாய்க்காரர் ஸுபின் மேத்தா டபுள் பேஸ் வாசித்த ‘ட்ரவுட்’ வீடியோவைக் காட்டுங்கள். இவர்கள் வாசிக்கும்போது எப்படிச் சிரித்துக்கொள்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும்.

நாள் பார்ப்பது வேறு கணக்கு. முகூர்த்த நாள் கூடாது. பக்கத்து மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டிவிட்டார்களென்றால் பதினைந்து நாளைக்கு நினைக்கவே கூடாது. அம்மன் பாட்டோடு ஷூமன் போட்டி போட முடியாது, போடவும் கூடாது. மார்கழி சாயங்காலம் ஆறரை மணி சரி. ஃபேன் இல்லாமல் உட்காரலாம். ஒத்திகை நாளில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு இருக்கிறதா என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நடுவில் கரண்ட் போனால் பதறாதீர்கள். 1886 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஒரு ஓவியக் காட்சிசாலையில் ஃப்ராங்க் சொனாட்டாவை வயலினில் இசாயியும் பியானோவில் போர்த்-பேன் அம்மையாரும் வாசித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. படங்களுக்காக அங்கே விளக்கேற்ற அனுமதியில்லை. கடைசிப் பாகங்களை இருட்டில் மனப்பாடமாகவே வாசித்து முடித்தார்கள். நம் வீட்டில் அவ்வளவு வேண்டாம், நோட்ஸ் ஸ்டாண்டில் மாட்டுகிற சார்ஜ் விளக்கு மூன்று வாங்கி வைத்தால் போதும். இன்வெர்ட்டர் ஹாலுக்குள் இருந்தால் அதன் ‘ம்ம்ம்’ ஓசை மெதுவான பாகங்களில் நன்றாகவே கேட்கும். அதை அணைத்துவிடுங்கள். குக்கர் விசிலும் அப்படியே.

கை தட்டுவதைப் பற்றி நான் யாரையும் மிரட்டுவதில்லை. பாகத்துக்குப் பாகம் தட்டுவது அந்தக் காலத்தில் சகஜம். நடுவில் தட்ட விரும்பாதவர்களுக்கு ஒரு குறிப்பு: வில் தந்தியை விட்டு இறங்காதவரை பாட்டு முடியவில்லை. தொடக்கத்தில் நீங்கள் பேசுவது இரண்டு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். பொன்னாடையைக் கடைசிக்கு வையுங்கள், வாசிக்கும் முன் தோளில் போட்டால் வயலின் நிற்காது. யாராவது ஒருவர் “ஒரு ராஜா சார் பாட்டு வாசிக்கச் சொல்லுங்க” என்பார். முடிவில் கேட்கலாம், அவர்கள் இஷ்டம்.

சாப்பாடு. வாசிக்கும் முன் கலைஞர்களுக்கு பஜ்ஜி, முறுக்கு வேண்டாம். எண்ணெய்க் கை தந்தியிலும் வில்லிலும் பட்டால், வில்லுக்குத் தேய்க்கிற பிசின் பிடிக்காது. நாலு மணிக்கு சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தால் வயிறு லேசாக இருக்கும். இடைவேளைக் காபிக்கு எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். ஒன்று உருண்டால் மெண்டல்சன் போச்சு. எல்லாம் முடிந்த பிறகு அரிசிம்பருப்பு சாதமும் நெய்யும் போடுங்கள், கை நனைக்காமல் யாரையும் அனுப்பக் கூடாது.

சன்மானத்தைத் தேதி முடிவாகும்போதே பேசி, வந்த அன்றே கவரில் கொடுத்துவிடுங்கள். “அப்புறம் ஜிபே பண்றோம்” என்பது மரியாதையில்லை. போக்குவரத்துச் செலவு தனி. விமானத்தில் வந்தால் செல்லோவுக்கும் ஒரு சீட்டு எடுக்க வேண்டியிருக்கும். லக்கேஜில் போட எந்தச் செல்லோக்காரரும் சம்மதிக்க மாட்டார். ஸ்டேஷனுக்கோ ஏர்போர்ட்டுக்கோ அழைக்கப் போகும்போது டிக்கி பெரிய வண்டியாக எடுத்துப் போங்கள். வழியில் டிபனுக்கு நிறுத்தினால் செல்லோவை வெயிலில் பூட்டிய காருக்குள் விடாமல் கூடவே உள்ளே கொண்டு போகச் சொல்லுங்கள். வஜ்ஜிரம் சூட்டில் இளகிவிடும்.