பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாற்றுவது எப்படி?

ஏழெட்டு வருடம் ஓடிய லேப்டாப் ஆமை வேகத்தில் நகர்கிறது என்றால் பலரும் பிராசஸரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் காரணம் உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்க்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். நீங்கள் எதுவும் செய்யாமல் இருக்கும்போதும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? அப்படியென்றால் புது லேப்டாப் வாங்கும் யோசனையைத் தள்ளிவையுங்கள், ஒரு எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ், போதும். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டில் ஊசி ஒவ்வொரு கோப்பையும் தேடிப் போகவேண்டியிருக்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. பழைய லேப்டாப்புக்கு ஹார்ட் டிஸ்க்கின் அதே அளவும் அதே கனெக்டரும் உள்ள 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிதான் வேண்டும்; குச்சி மாதிரி இருக்கும் எம்.2 வகை அதே இடத்தில் பொருந்தாது. அளவைப் பொறுத்தவரை, பழைய டிஸ்க் 500 ஜிபி என்றால் விலை குறைகிறதே என்று 480 ஜிபி வாங்காதீர்கள். பழைய டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் விண்டோஸோடு சேர்த்துப் புதியதுக்கு அப்படியே நகல் எடுக்கப் போகிறோம், இதுதான் குளோனிங். அப்போது குளோன்ஜில்லா போன்ற இலவச மென்பொருள்கள், புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கூடவே எஸ்எஸ்டியை யுஎஸ்பியில் மாட்ட ஒரு சாட்டா யுஎஸ்பி கேபிளும் சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, லேப்டாப்பைத் திறக்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலத்தில் இருந்தால் சரி, மஞ்சளோ சிவப்போ காட்டினால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் போட்டோக்கள், ஆவணங்களை வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் தள்ளாடும் டிஸ்க்கை முழுதாக ஒருமுறை படிக்க வைப்பதே அதைச் சாகடித்துவிடலாம். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள், அந்தப் பூட்டைத் திறக்கும் ரெகவரி கீயையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இப்போது குளோனிங். சாம்சங், க்ரூஷியல் போன்ற நிறுவனங்கள் தங்கள் எஸ்எஸ்டிகளுக்கு இதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. அது இல்லையென்றால் குளோன்ஜில்லாவைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது விண்டோஸுக்குப் பதில் அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்குங்கள். அதற்கு முன் விண்டோஸை அணைக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுக்க வேண்டும். சாதாரணமாக அணைத்தால் விண்டோஸ் பாதி தூக்கத்தில்தான் இருக்கும், குளோன்ஜில்லா விண்டோஸ் இருக்கும் அந்தப் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) தொட மறுக்கலாம்.

எஸ்எஸ்டியைக் கேபிளில் மாட்டி, பிகினர் முறையில் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூலம் எது, இலக்கு எது என்று அது கேட்கும். இந்த இடத்தில் அவசரமே கூடாது. மாற்றிக் கொடுத்தால் காலியான எஸ்எஸ்டி உங்கள் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்படும், எல்லாம் போச்சு. டிஸ்க்குகளுக்கு அது வைக்கும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயர்களை நம்பாமல் பக்கத்தில் காட்டும் மாடல் எண்ணைப் பாருங்கள். எஸ்எஸ்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் அதே எண் இருக்கும், இரண்டையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டுவிட்டு அப்புறம் எண்டர் தட்டுங்கள். முடிய சில மணி நேரம்கூட ஆகலாம், சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

முடிந்ததும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, மிச்ச மின்சாரம் வடிய பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றால் மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரை எடுப்பதுதான். எல்லா ஸ்க்ரூவையும் கழற்றியும் மூடி வரவில்லையா? பலத்தைக் காட்ட வேண்டாம், ரப்பர் கால்களுக்கு அடியிலும் டிவிடி டிரைவ் பக்கமும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். நீளம் வேறுபடும் ஸ்க்ரூக்களைக் கலந்துவிடாமல், ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் வடிவம் வரைந்து கழற்றிய இடத்திலேயே ஒட்டி வையுங்கள். பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை இடுக்கில் விட்டு மெதுவாக நகர்த்தினால் கிளிப்புகள் டக் டக்கென்று விடும்.

ஏதாவது ஒரு இரும்புப் பொருளைத் தொட்டு உடம்பில் உள்ள ஸ்டாட்டிக்கைப் போக்கிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கனெக்டரிலிருந்து நேராகப் பக்கவாட்டில் இழுங்கள், மேலே தூக்காதீர்கள். அதைச் சுற்றியிருக்கும் தகட்டுச் சட்டத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டி அதே வழியில் உள்ளே தள்ளுங்கள். பழைய டிஸ்க் பல மாடல்களில் 9.5 மில்லிமீட்டர் கனம், எஸ்எஸ்டி பெரும்பாலும் 7 மில்லிமீட்டர்; சட்டம் இல்லாத மாடல்களில் ஆடினால் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்பேசர் வைத்துவிடலாம்.

மூடிவிட்டு ஆன் செய்யுங்கள். பூட் டிவைஸ் இல்லை (தொடங்க டிஸ்க் கிடைக்கவில்லை) என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் கனெக்டர் முழுதாக உட்காராததுதான் காரணம்; அது சரியாக இருந்தால் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் போய், பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதல் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். எஸ்எஸ்டிக்குத் தனியாக டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும்) மென்பொருள் எதையும் போட்டு ஓட்டாதீர்கள், தேவையான டிரிம் வேலையை, அதாவது அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வதை, விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் அப்படியே வையுங்கள். எல்லாக் கோப்பும் திறக்கிறது என்று உறுதியான பிறகு ஒரு யுஎஸ்பி கேசிங்கில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். உடல்நிலை நீலத்தில் இருந்த டிஸ்க்காக இருந்தால் மட்டும்.