டிஸ்லெக்சியா: வீட்டில் வாசிக்கப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நேற்று சரியாக வாசித்த சொல்லை இன்று தெரியாது என்கிறான். வேண்டுமென்றே செய்கிறான்.” டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையின் பெற்றோர் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். வீட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சந்தேகத்திலிருந்தே பிறக்கின்றன. பேச்சின் ஒலிகளைப் பிரித்து உணர்வதிலும், அவற்றை எழுத்தோடு சட்டென்று இணைப்பதிலும் ஏற்படும் சிரமமே டிஸ்லெக்சியா. அதற்கும் அறிவுத்திறனுக்கும் சோம்பலுக்கும் தொடர்பில்லை.

முதலில் நிறுத்த வேண்டியது, தவறாக வாசித்த சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வது. ஒலி மனத்தில் பதியாத சொல்லைப் பிள்ளை படம்போல வரைகிறது. மூன்றாவது வரியில் ஓர் எழுத்து மாறினால், மீதி வரிகளிலும் அந்தப் பிழையே தொடரும். கை வலியும் வெறுப்பும்தான் மிச்சம்.

அடுத்தது, 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்பிக்க வைப்பது. ‘க, கா, கி, கீ’ என்று ராகம் போட்டுத் தடையின்றிச் சொல்லும் பிள்ளையிடம் ‘கீ’ என்ற எழுத்தைத் தனியாகக் காட்டிப் பாருங்கள், பலர் திணறுவார்கள். அவர்கள் கற்றது வரிசையை மட்டுமே. தமிழ் எழுத்தில் இவர்களுக்குச் சிக்கல் தரும் இடங்கள் சில உண்டு. ‘கெ’ என்பதில் கண் முதலில் காண்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ ககர ஒலியை. ‘கொ’ என்றால் குறிகள் இரு பக்கமும் நிற்கின்றன. கு, பு, து மூன்றிலும் இருப்பது ஒரே உகரம், ஆனால் அது ஒவ்வொன்றிலும் வேறு உருவம் எடுக்கிறது. கல், பங்கு என்ற இரு சொற்களில் ககரமே இரண்டு விதமாக ஒலிக்கிறது. இவற்றையெல்லாம் ஒரே வாரத்தில் கொட்டினால் எந்தப் பிள்ளை தாங்கும்?

ப, ம, ட என்று மூன்று எழுத்துகளும், துணைக்காலும், புள்ளியும் போதும், தொடங்கிவிடலாம். மடம், மாடம், படம், பாடம் என்று எழுதி வைத்து, ஒரு கால் சேர்ந்ததும் ஒலி எப்படி நீள்கிறது என்பதைக் காதால் கேட்க வையுங்கள். விஜயதசமியன்று அரிசியில் எழுத வைக்கிறோமே, அதே தட்டை இப்போதும் எடுக்கலாம். விரல் எழுதும்போதே வாய் அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். பார்த்தல், கேட்டல், தொடுதல் மூன்றையும் சேர்க்கும் முறையை மருத்துவர் ஆர்டனும் கல்வியாளர் கில்லிங்ஹாமும் 1930களில் அமெரிக்காவில் வளர்த்தெடுத்தார்கள்; இன்றைய சிறப்புப் பயிற்சிகள் பலவற்றுக்கு அதுவே வேர். ஆங்கிலத்துக்கும் இதே வழிதான். ‘பி, யு, எஸ்’ என்று எழுத்துகளின் பெயரைச் சொல்ல வைத்தால் ‘பஸ்’ என்ற ஒலி கிடைக்காது. ஒலிகளைச் சொல்லிச் சேர்க்கப் பழக்குங்கள்.

படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்வதை வாசிப்பு என்று நம்பிவிடாதீர்கள். பழகிய பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பதும் அப்படித்தான். படத்தை மறைத்து, நடுவிலுள்ள ஒரு சொல்லைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

உறவினர் முன்னால் உரக்க வாசிக்கச் சொல்வதும், தங்கையோடு ஒப்பிடுவதும் கொடுமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பிள்ளை தடுமாறினால் சற்றுக் காத்திருங்கள். முதல் ஒலியை எடுத்துக் கொடுங்கள். அப்போதும் வராவிட்டால் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள். தினமும் 15 நிமிடம் போதும். அழுகையில் முடியும் ஒரு மணி நேரத்தால் பயனில்லை.

“தானாக வாசிக்கட்டும்” என்று கதை படித்துக் காட்டுவதை நிறுத்துவதும் தவறே. தானாக வாசிக்க இயலாத பிள்ளைக்குச் சொல்வளம் காது வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, ஞாபகசக்தி டானிக் ஆகியவற்றுக்குப் பணத்தைச் செலவிடாதீர்கள். வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக அறிவித்திருக்கிறார்கள். பார்வைக் குறை தனியாக இருந்தால் அதற்குக் கண்ணாடி போடுவது வேறு விஷயம்.

“போகப் போகச் சரியாகிவிடும்” என்று ஆண்டுகளைக் கடத்துவதுதான் இவற்றில் மிகப் பெரிய இழப்பு. இரண்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்ட முடியாமல் தவித்தால், சிறப்புக் கல்வியாளரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். சென்னையில் 1991 முதல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இந்தத் துறையில் இயங்கி வருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்பு வரை காத்திராமல் பள்ளியிடம் இப்போதே பேசுங்கள்.