செயப்பாட்டுவினையில் நாம் சறுக்கும் இடங்கள்

‘அவன் பாம்பைக் கொன்றான்’ என்றாலும் ‘பாம்பை அவன் கொன்றான்’ என்றாலும் தமிழில் பொருள் மாறுவதில்லை. செத்தது எது என்பதை ‘ஐ’ உருபே காட்டிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு அப்படி ஓர் உருபு இல்லாததால், ஒரு சொல் எழுவாயா செயப்படுபொருளா என்பதை அது நிற்கும் இடம்தான் சொல்கிறது. தமிழ்ப் பழக்கத்தில் பாம்பை முன்னே கொண்டுவந்து ‘த ஸ்னேக் கில்டு ஹிம்’ என்று எழுதினால், பாம்பு அவனைக் கொன்றதாகிவிடும். பாம்பு முன்னால் வரவும் வேண்டும், செத்தது அதுவாகவே இருக்கவும் வேண்டும் என்றால், வினையின் வடிவத்தையே மாற்றி ‘த ஸ்னேக் வாஸ் கில்டு பை ஹிம்’ என்று எழுத வேண்டும். தமிழில் ‘படு’ சேர்த்துக் ‘கொல்லப்பட்டது’ என்று சொல்வதைப் போன்ற இந்த வடிவம்தான் செயப்பாட்டுவினை (பாசிவ் வாய்ஸ்). ‘பை’ என்பதற்குப் பின் ‘ஹி’ வராது, ‘ஹிம்’தான் வரும் என்பதையும் இங்கேயே கவனித்துக்கொள்ளலாம்.

‘கடிதம் எழுதியாயிற்று’, ‘வேலை முடிந்தது’ என்று ‘படு’ சேர்க்காமலே பேசிப் பழகிய நாம், ஆங்கிலத்திலும் துணைவினையை விட்டுவிட்டு ‘த லெட்டர் ரோட்’ என்று எழுதிவிடுகிறோம். கடிதமே உட்கார்ந்து எதையோ எழுதியது என்றுதான் அதற்குப் பொருள். ‘வாஸ் ரிட்டன்’ என்பதே சரி; வினையின் மூன்றாம் வடிவம்தான் இங்கு வர வேண்டும், இரண்டாம் வடிவமான ‘ரோட்’ அல்ல.

இதைக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள்: ‘வாஸ்’ என்பதையே செயப்பாட்டுவினையின் அடையாளமாக நினைத்து எல்லாக் காலத்துக்கும் அதையே போடுகிறார்கள். வாக்கியம் மாறலாம், காலம் மாறக் கூடாது. ‘ரைட்ஸ்’ என்பது ‘இஸ் ரிட்டன்’ ஆகும். ‘இஸ் ரைட்டிங்’ என்பது ‘இஸ் பீயிங் ரிட்டன்’ ஆகும். ‘ஹேஸ் ரிட்டன்’ என்பது ‘ஹேஸ் பீன் ரிட்டன்’ ஆகும். ‘பீயிங்’ வந்தால் செயல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, ‘ஹேஸ் பீன்’ வந்தால் அது முடிந்துவிட்டது என்று நினைவில் வைத்தால் குழப்பம் பெரிதும் குறையும்.

மிகப் பரவலான பிழை ‘த ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்டு’ என்பதுதான். ‘எதை’, ‘யாரை’ என்ற கேள்விக்கு விடை தராத ‘ஹேப்பன்’, ‘டை’, ‘அரைவ்’ போன்ற வினைகளுக்குச் செயப்பாட்டு வடிவமே கிடையாது. விடை தந்தாலும், உடைமையைக் குறிக்கும் ‘ஹேவ்’ போன்ற சில வினைகள் மாறுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், தமிழில் செய்வினையாகவே சொல்லும் ‘பிறந்தேன்’ என்பது ஆங்கிலத்தில் ‘ஐ வாஸ் பார்ன்’ என்றுதான் வரும்.

பயிற்சித்தாளில் மாற்றி மாற்றி எழுதியதன் மிச்சமாக, ‘மை பைக் வாஸ் ஸ்டோலன்’ என்பதோடு ‘பை சம்படி’ என்றும் ஒட்டவைப்பவர்கள் உண்டு. திருடியவர் யாரென்று தெரியாததால்தானே வண்டி எழுவாயாக நிற்கிறது?