பல்கலைக்கழகக் காற்பந்து அணியின் வரலாற்றை எழுத முனைவோருக்கு

கோலாலம்பூரில் படித்து வெளியேறிய பழைய மாணவர்கள் ஒன்றுகூடும் இடங்களில், தங்கள் பல்கலைக்கழகக் காற்பந்து அணிக்கென ஒரு வரலாற்று மலர் வேண்டும் என்ற பேச்சு எழுவதுண்டு. அந்தப் பொறுப்பை ஏற்பவர் பெரும்பாலும் வென்ற கிண்ணங்களின் பட்டியலிலிருந்தே தொடங்கிவிடுகிறார். அதற்கு முன், தம் பல்கலைக்கழகம் எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்தப் பெயரில் இயங்கியது என்பதை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்வது நல்லது.

மலாயாப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். மன்னர் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்ததால் 1949 அக்டோபரில் அது சிங்கப்பூரில் உருவானது. 1959இல் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு தன்னாட்சிப் பிரிவுகளாகப் பிரிந்தது. 1962 ஜனவரி 1 முதல் கோலாலம்பூர்ப் பிரிவு பழைய பெயரைத் தக்கவைத்துக்கொள்ள, மற்றது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆனது. ஆகவே, 1955ஆம் ஆண்டு நாளேடு ஒன்றில் மலாயாப் பல்கலைக்கழக அணி வென்றதாகச் செய்தி இருந்தால், அந்த அணி சிங்கப்பூரில் இருந்த வளாகத்தின் அணி. அந்த வெற்றிக்கு இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் உரிமை கோரலாம். 1959க்கும் 1961க்கும் இடைப்பட்ட செய்திகளில் எந்தப் பிரிவு என்று பார்த்து எழுதாவிட்டால் முழுப் பட்டியலும் குழம்பிவிடும்.

மற்றவற்றிலும் இதே கவனம் தேவை. சிலாங்கூரின் செர்டாங்கில் 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம், 1971இல் வேளாண் பல்கலைக்கழகமாகி, 1997இல் புத்ரா பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்றது. பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகமும் 1969இல் தொடங்கியபோது பினாங்குப் பல்கலைக்கழகமாகவே இருந்தது. பல்கலைக்கழகம் ஆவதற்கு முந்தைய கல்லூரிக் காலத்து ஆட்டங்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுங்கள். சேர்ப்பதே முறை என்பது என் கருத்து. ஆனால் அவற்றைத் தனிப் பகுதியாக வைக்க வேண்டும்.

அடுத்தது நாளேடுகள். சிங்கப்பூர் தேசிய நூலகம் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு உள்ளிட்ட பழைய இதழ்களை இணையத்தில் தேடிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. கோலாலம்பூர் துன் ரசாக் சாலையிலுள்ள நம் மலேசியத் தேசிய நூலகத்தில் மலாய், ஆங்கில நாளேடுகளோடு, 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனையும் கேட்டுப் பாருங்கள். ஆட்டக்காரரின் பெயரைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பி இருக்கலாகாது. சுப்பிரமணியம் என்ற ஒருவரே ஆங்கில ஏட்டில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். சில வேளைகளில் முன்னெழுத்தும் மாறியிருக்கும். அப்போது எதிரணியின் பெயரையும் ஆட்டம் நடந்த மாதத்தையும் கொண்டு தேடினால் விரைவில் அகப்படும்.

வளாகத்திற்குள் இருக்கும் ஆவணங்களைத் தேடுவதற்கும் காலக்கணக்கு உண்டு. 1974 இறுதியில், கெடாவின் பாலிங்கில் வறுமையை எதிர்த்து விவசாயிகள் நடத்திய போராட்டத்தை ஒட்டி எழுந்த மாணவர் எழுச்சிக்குப் பிறகு, 1975இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் கடுமையாகத் திருத்தப்பட்டது. மாணவர் சங்கத்தின் கையிலிருந்த பல பொறுப்புகள் மாணவர் நல அலுவலகத்திற்குப் போயின. ஆகவே, அதற்கு முந்தைய அணிப் பட்டியல்களுக்குச் சங்க ஆண்டிதழ்களையும், பிந்தையவற்றுக்கு அலுவலகக் கோப்புகளையும் முதலில் தேடுவது பொருத்தம்.

குழுப்படம் கிடைத்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். முன்வரிசையில் அமர்ந்திருப்பவரின் காலடியில் உள்ள பந்திலோ பலகையிலோ எழுதியிருக்கும் ஆண்டு பெரும்பாலும் கல்வியாண்டு. ‘1965/66’ என்றிருந்தால் அந்தப் பருவத்து ஆட்டங்கள் இரு நாட்காட்டி ஆண்டுகளில் பரவியிருக்கும். படத்தின் பின்புறத்தையும் படியெடுங்கள். ஓரம் கிழிந்த பழைய ஒட்டுத்தாளில், நிழற்பட நிலையத்தின் முத்திரையோடு, யாரோ பென்சிலால் எழுதிவைத்த பெயர் வரிசை அங்கேதான் இருக்கும். இடமிருந்து வலமாகவா, வலமிருந்து இடமாகவா என்று தெரிந்த ஒரு முகத்தை வைத்து உறுதிசெய்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

முதியவர்களைச் சந்திக்கும்போது அந்தப் படத்தையே கையில் கொண்டுபோங்கள். “எத்தனை கோல் அடித்தீர்கள், ஐயா?” என்று கேட்டால் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்திருப்பதே தெரியவரும், அது மனித இயல்பு. “அன்று கோல் காவலராக நின்றது யார்? எந்தத் திடலில் பயிற்சி? காலணி யார் வாங்கிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டால், தோட்டப்புறத்திலிருந்து விடுதிக்கு வந்த பையன் எப்படி அணிக்குள் நுழைந்தான் என்பது தானாக வெளிவரும். கோல் கணக்கை மட்டும் நாளேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மாணவர் அணியையும் தொழில்முறைக் கழகத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கழகம் 2020இல் மலேசியாவின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் ஆடியது. அது கோவிட் பெருநோய்த் தொற்றால் ஒரே சுற்றாகச் சுருங்கிய பருவம். 2021 பருவ முடிவில் அக்கழகம் அடுத்த நிலைக்குக் கீழிறங்கியது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் கழகமும் நாட்டின் இரண்டாம்நிலைப் போட்டியான மலேசிய பிரீமியர் லீக்கில் ஆடியிருக்கிறது. இக்கழகங்களில் ஒப்பந்த ஆட்டக்காரர்களும் இருந்தார்கள் என்பதால், இவற்றின் முடிவுகளைப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி முடிவுகளோடு கூட்டாமல், தனி அட்டவணையாக அமைத்து, அதன் தலைப்பிலேயே எந்த லீக், எந்தப் பருவம் என்பதைக் குறிப்பிட வேண்டும்.