ஐடிஐ சேருவதற்கு முன்னால் ஒர்க்ஷாப்பைப் பார்த்துவிடுங்கள்

பத்தாவது ரிசல்ட் வந்ததும் "மார்க் இல்லை, ஐடிஐயில் போட்டுவிடலாம்" என்று பிள்ளையின் காதுபடப் பேசாதீர்கள், அது ரொம்ப நாள் வலிக்கும். கைத்தொழில் கற்க வருகிற பிள்ளை அது, அந்த மரியாதையோடு சேர்த்துவிடுங்கள்.

முதலில் டிரேடு, அதாவது எந்தத் தொழில்பிரிவில் சேருவது என்பது. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன் எல்லாம் 2 வருடம், வெல்டர் 1 வருடம். சீக்கிரம் முடிகிறதே என்று மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஏனென்றால் பத்தாவதுக்குப் பிறகு 2 வருட ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், 1 வருட டிரேடுக்கு அந்த வழி கிடையாது. வெல்டிங்தான் பிடிக்கும் என்றால் தாராளமாக எடுக்கலாம், நல்ல வெல்டருக்கு எங்கும் வேலை உண்டு.

அப்புறம், ஃபீஸ் கட்டும் முன் ஒரு வேலை நாளில் காலை 11 மணி வாக்கில் நேரில் போங்கள். இரும்பைக் கடையும் மெஷினான லேத்துக்கு அடியில் இருக்கும் தட்டைப் பாருங்கள். சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடந்தால் மெஷின் ஓடுகிறது, தூசி படிந்திருந்தால் ஓடவில்லை. நான் பார்க்காமல் சேர்ந்த தனியார் ஐடிஐயில் மொத்த பேட்சுக்கும் இரண்டே லேத்துதான், அதிலும் ஒன்று ரிப்பேர், முறைக்காகக் காத்திருந்தே பாதி நாள் போனது. தனியார் என்றால் உங்கள் டிரேடுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் (என்சிவிடி என்பார்கள்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை எல்லாம் உண்டு, அதனால் என் ஓட்டு அரசு ஐடிஐக்குத்தான்.

ஃபிட்டரில் ஆரம்ப வாரங்கள் முழுக்க அரம் போடுவதுதான், சலிப்பாக இருக்கும், லீவு மட்டும் போடாதீர்கள். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் மேல்பகுதி உங்கள் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும், தள்ளும்போது அழுத்தம் கொடுங்கள், இழுக்கும்போது விட்டுவிடுங்கள், இழுக்கும்போதும் அழுத்தினால் அரத்தின் பல் மழுங்கும். அடிக்கடி ட்ரை ஸ்கொயரை (செங்கோணம் பார்க்கும் மட்டம்) வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இடைவெளியில் ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். வெர்னியர் என்ற அளவுக் கருவியில் 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கக் கற்றுத் தருவார்கள், ஆனால் அந்த அளவுக்குக் கை வருவது இந்த வாரங்களில்தான்.

படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலையில் உட்காராமல் அப்ரண்டிஸ்ஷிப்புக்கு, அதாவது கம்பெனியிலேயே வேலை பழகும் பயிற்சிக்கு, பதிவு செய்யுங்கள். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி எல்லாம் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள், பயிற்சிக் காலத்தில் ஸ்டைபண்டும் (மாத உதவித்தொகை) வரும். பெரிய மெஷின்களில் கை வைக்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும்.

இன்னொன்று, சேரும் அன்றே பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாவது மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தப்பு இருந்தால் அப்போதே திருத்திவிடுங்கள், சான்றிதழ் அச்சான பிறகு அதற்காக அலைவது பெரும்பாடு.