புது மணற்கல் பேட்டியோவில் கறையா? ஆசிட்டை ஊற்றும் முன் படியுங்கள்

பிரிட்டனில் வீடு வாங்கியவர்கள் சீக்கிரமே கைவைக்கும் இடம் பின்தோட்டம். அங்கே பேட்டியோவுக்கு (கல் பாவிய திறந்தவெளித் தளம்) பதிக்கும் மணற்கல் பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்து வருகிறது. 'இந்தியன் சாண்ட்ஸ்டோன்' என்றே கடைகளில் விற்பார்கள். பதித்த சில வாரங்களில் கல்லில் வெள்ளை படரலாம், கருந்திட்டு தெரியலாம், துரு நிறம் ஏறலாம். பதறிப்போய் ஆசிட் ஊற்றுவதால்தான் நல்ல கல் நிரந்தரமாகக் கெடுகிறது. கறை அடியிலிருந்து ஏறியதா, கல்லுக்குள்ளிருந்தே வந்ததா, மேலே விழுந்ததா என்று முதலில் பாருங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

விரலால் தொட்டால் மாவு போல ஒட்டும் வெள்ளை, உப்புப் பூத்தது. சிமெண்ட்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலேறிக் காற்றுபட்டு வெளுக்கிறது. காய்ந்த நாளில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, தூளை அள்ளி எடுத்துவிடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே இறங்கும். மீண்டும் மீண்டும் பூத்தாலும் சில மாதங்களில் குறைந்துவிடும். ஒரு குளிர்காலம் கடக்கும் வரை பொறுங்கள்.

கவலைப்பட வேண்டியது கருந்திட்டுக்குத்தான். மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கல் முழுக்க வெளுத்துக் காய்ந்திருக்க, நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து வட்டங்கள் மட்டும் ஈரமாகத் தெரிந்தால், கல்லின் அடியில் கலவையை முழுக்கப் பரப்பாமல் ஐந்து உருண்டையாக வைத்துப் பதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உருண்டை தொடும் இடத்தில் மட்டும் ஈரம் ஏறி இறங்குகிறது. சுத்தியல் பிடியால் தட்டினால் இடையில் 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்கும். இதை எந்த கிளீனரும் போக்காது. கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதிப்பதுதான் வழி.

சரியான முறை இது: நன்றாக இடித்து இறுக்கிய 100 மி.மீ. ஜல்லி அடித்தளம், அதன்மேல் 4 அல்லது 5 பங்கு ஷார்ப் சாண்டுக்கு (பருமணல்) 1 பங்கு சிமெண்ட் சேர்த்த கலவை, 30 முதல் 40 மி.மீ. கனத்தில் இடைவெளியில்லாமல். ஒவ்வொரு கல்லின் அடிப்பக்கத்திலும் ஸ்லரி பிரைமர் என்ற ஒட்டுக்குழம்பைத் தடவிய கையோடு பதிக்க வேண்டும். மணற்கல்லும் கலவையும் ஒட்டிப் பிடிக்க அது கட்டாயம்; ஈரக்கறை மேலேறுவதையும் அது குறைக்கும். வாட்டம் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக, 60 முதல் 80 செ.மீ.க்கு 1 செ.மீ. இறக்கம். சுவரில் தரை ஈரம் மேலேறாமல் தடுக்கும் ஈரத்தடுப்பு வரிக்கு (DPC) 150 மி.மீ. கீழே தளம் நிற்க வேண்டும். வேலை நடக்கும்போதே ஒரு கல்லையாவது தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், பணம் உங்களுடையது.

பதித்து முடிந்த பின் தெரிந்தால், மழைக்குப் பிந்தைய படங்களைத் தேதியோடு எடுத்து, வேலை செய்தவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வது அவர் கடமை. சரிசெய்து தரும்படியோ, முடியாவிட்டால் விலையைக் குறைக்கும்படியோ கேட்கலாம்.

துரு நிறத்துக்குக் காரணங்கள் பல. கல்லுக்குள்ளேயே இரும்புத் தாது இருக்கலாம். பக்கத்தில் கிரைண்டரால் இரும்பு அறுத்த பொடி விழுந்திருக்கலாம். பலர் யோசிக்காத ஒன்று, புல்தரைக்குப் போடும் பாசிக்கொல்லி: அதிலுள்ள இரும்பு சல்பேட் செருப்பில் ஒட்டிவந்து ஈரக்கல்லில் செம்புள்ளி வைத்துவிடும். மேலே விழுந்த துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த துருநீக்கி உதவும். மிச்சக் கல்லில் சோதித்த பிறகே போடுங்கள். கல்லுக்குள்ளிருந்து வரும் துரு, நீக்கினாலும் திரும்ப வரும்.

கற்களுக்கு இடையிலுள்ள சந்து பூசும்போது இழுபட்டுக் காய்ந்த சிமெண்ட் கறைக்கு மட்டுமே பிரிக் ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 10 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ளதை 2023 அக்டோபரிலிருந்து பொதுமக்கள் உரிமம் இல்லாமல் வாங்க முடியாது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கல்லை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த கல் ஆசிட்டை உறிஞ்சிவிடும். லேபிளில் சொன்ன அளவில், தண்ணீரில்தான் ஆசிட்டைச் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள். சில நிமிடங்கள் தேய்த்து, ஏராளமான தண்ணீரில் அலசுங்கள். கல்லில் இரும்பு இருந்தால் ஊற்றிய இடம் ஆரஞ்சாக மாறும், பிறகு திரும்பாது. மூலையில் சோதித்து ஒரு நாள் காத்திருங்கள். உங்கள் கல் சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அதன் மேற்பரப்பையே அது அரித்துவிடும்.

படச் சட்டம் போல ஓரம் மட்டும் இருண்டிருந்தால், சந்திலிருந்து ஈரமோ, சந்தை அடைத்த ரெசினோ (பிசின்) ஓரத்தில் ஊறியிருக்கிறது. ஈரம் என்றால் மங்கும். ரெசின் கறை போவது கஷ்டம்.

பார்பிக்யூ கொழுப்பு, விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் எது சிந்தினாலும் துடைக்காமல் ஒற்றி எடுங்கள், துடைத்தால் பரவும்.

கறை ஊறாமல் காக்கும் சீலர் பூச்சைப் பூசச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். உப்புப் பூப்பது நிற்பதற்கு முன் பூசினால் வெள்ளை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் துண்டை நாற்புறமும் டேப் ஒட்டிக் கல்லின்மேல் ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் சில வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள்.